நாயின் உரோமமும் நமது கத்தரிக்கோலும்

மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டால் உடல் கதகதப்பாக இருக்கிறது. கம்பளி சூட்டைத் தருவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் இழைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று ஓர் அரிதிற்கடத்தி. நீர் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 25-இல் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். நம் உடல் வெப்பம் வெளியேறாமல் காப்பது அந்தக் காற்றே. ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் மூடி வைப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே வெளி வெப்பம் உள்ளே புகாமல் தடுக்கப்படுகிறது.

நாய் வளர்ப்போர் பலர் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். சித்திரை வெயில் தொடங்கியதும் ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன், சைபீரியன் ஹஸ்கி போன்ற அடர்ந்த உரோமமுள்ள நாய்களைக் கொண்டுபோய் மொட்டையடித்து வருகின்றனர். "நமக்கே இப்படி வேர்க்கிறதே, பாவம், அதற்கு எப்படி இருக்கும்!" என்ற இரக்கம்தான் காரணம். ஆனால், நாய்க்கு நம்மைப்போல் வேர்ப்பதில்லையே!

நாயின் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் உள்ளங்கால் மெத்தைகளில் உள்ளன. அவற்றால் உடல் முழுவதையும் குளிர்விக்க முடியாது. எனவே அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஆவியாதல் மெதுவாக நடக்கும். எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவே. மின்விசிறியும் நமக்குத் தரும் சுகத்தை நாய்க்குத் தராது. விசிறி நம்மைக் குளிர்விப்பது பெரும்பாலும் தோலில் உள்ள வியர்வையை விரைந்து ஆவியாக்கித்தான். வியர்வையே இல்லாத தோலில் அது எதை ஆவியாக்கும்?

இனி உரோமத்திற்கு வருவோம். மேலே சொன்ன இனங்களுக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. வெளியே நீண்ட, விறைப்பான மயிர். வெயிலையும் மழையையும் பூச்சிகளையும் தடுப்பது அது. உள்ளே பஞ்சு போன்ற மெல்லிய மயிர்; காற்றைச் சிறைப்பிடிப்பது இது. வேலூரில் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. நாயின் உடல் வெப்பநிலையோ 38.5 டிகிரி அளவில் இருக்கும். அப்போது வெப்பம் வெளியிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. மரத்தூள் ஐஸைக் காப்பதுபோல் உரோமம் நாயைக் காக்கும் நேரம் அது. அந்த நேரம் பார்த்து அதை மழித்துவிடுகிறோம்! வெயில் நேரே தோலைச் சுடுகிறது. மழித்த உரோமம் சில நாய்களுக்குப் பல மாதங்கள் ஆகியும் சரியாக வளர்வதில்லை. திட்டுத்திட்டாகச் சொட்டை விழுந்துவிடும்.

செய்ய வேண்டியது சீவுதல்தான். வெயில் காலத்தில் உள்மயிர் தானாகக் கழன்று மேல்மயிருக்குள் சிக்கி நிற்கும். அகன்ற பல் சீப்பால் அதைச் சீவி எடுத்துவிட்டால் காற்று தோல் வரை சென்று வரும். சீவாமல் விட்டால் சடை விழும். சடையில் தண்ணீர் தேங்கும். அடியிலுள்ள தோல் புண்ணாகும். அளவுக்கு மீறிய சடைக்கோ அறுவைக்கோ கால்நடை மருத்துவர் மழிப்பது வேறு.

ஆயினும், சீவிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். காற்றடுக்கு இரு திசையிலும் வெப்பத்தைத் தடுக்கும். இரவில் 30 டிகிரிப் புழுக்கத்தில் நாயின் உடல் வெப்பம் வெளியேற வேண்டும். அதே உரோமம் அப்போது எதிரியாகிறது. ஹஸ்கி, சைபீரியாவின் வடகிழக்கில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிவெளியில் மருந்தைச் சேர்த்த நாய்களில் ஹஸ்கிகளும் இருந்தன. அத்தகைய நாயைக் கொண்டுவந்து மாடி வீட்டில் கட்டி வைத்து, மழிக்கலாமா கூடாதா என்று விவாதிப்பது எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. குளிர்சாதன அறை இருக்கிறதே என்பார்கள். மின்சாரம் நின்றால்?

மொட்டை வேண்டாம் என்றதும் எல்லா நாய்க்கும் கத்தரியே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பூடில் நாயின் மயிர் நம் தலைமயிரைப்போல் வளர்ந்துகொண்டே இருக்கும்; அதிகம் உதிராது. அதற்கு ஆறு, எட்டு வாரங்களுக்கு ஒருமுறை முடிவெட்டு கட்டாயம். ஹங்கேரியின் கொமொண்டோர் நாய்க்கோ கயிறு கயிறாகச் சடை தொங்கும். குளிப்பாட்டினால் காய ஒரு நாளைக்கு மேலும் ஆகலாம். இத்தனை வகைகளுக்கும் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் காரணம் என்று 2009-இல் கண்டறிந்தனர். மயிரின் நீளம், சுருள், மீசையும் தாடியும் போன்ற முரட்டு மயிர் ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாக அவை தீர்மானிக்கின்றன.

நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களுக்கோ தோலை ஒட்டிய குட்டை மயிர். வாரம் ஒருமுறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும். 2005-இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலை வெளியிட்டது. நம் வீடுகளில்தான் இன்னும் போதிய இடம் கிடைக்கவில்லை. குளிப்பாட்டும்போது நீங்கள் பயன்படுத்தும் ஷாம்பு வேண்டாம். நம் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு, மேல்தோலும் மெல்லியது. குட்டை மயிரானாலும் உண்ணி ஒட்டும். காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களை நாள்தோறும் விரலால் தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே இழுங்கள். சிலர் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். அது தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.