படத்தொகுப்பு பயிலும் பிள்ளைக்கு எந்தக் கணினி?

நமது இல்லங்களில் மேற்படிப்பு என்றால் மருத்துவம், பொறியியல், வணிகவியல் என்று மட்டுமே பேசிவந்த காலம் மாறிவிட்டது. விஷுவல் கம்யூனிகேஷன், இதழியல், ஊடகவியல் ஆகிய துறைகளை இன்று ஆண்மக்களும் பெண்மக்களும் விரும்பிப் பயில்கின்றனர். மகிழத்தக்க மாற்றமே. ஆயினும் கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களிலேயே வீட்டில் ஒரு கோரிக்கை எழுகின்றது. "வாப்பா, எடிட்டிங் செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும், இன்ன மாடல்தான் வேண்டும்" என்று பிள்ளை கேட்கிறது. விலையோ ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணமோ, உம்மாவின் கழுத்துச் சங்கிலியோ அதற்குப் போக வேண்டியிருக்கிறது. மறுத்தால் பிள்ளையின் படிப்பு தடைப்படுமோ என்ற அச்சம். இசைந்தால் தங்கையின் கல்விக்கென ஒதுக்கிய பணம் கரைந்துவிடுமே என்ற கவலை. இவ்விரண்டுக்கும் நடுவே பெற்றோர் தவிப்பதைக் காண்கிறோம்.

பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக அமர்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி இது. கணினியின் விலையிலிருந்து தொடங்காமல், அதில் செய்யவிருக்கும் வேலையிலிருந்து தொடங்கினால், பாதிச் செலவிலேயே படிப்பு நடந்தேறும் வழி பெரும்பாலும் புலப்படும்.

கருவியா, கைத்திறனா?

2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாரசைட்' என்னும் கொரியத் திரைப்படம், 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. சிறந்த படத்தொகுப்புக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அதனைத் தொகுத்த யாங் ஜின்-மோ பயன்படுத்தியது 'பைனல் கட் புரோ 7' என்ற மென்பொருள். அது 2009இல் வெளிவந்தது. 2011இலேயே ஆப்பிள் நிறுவனம் அதனைக் கைவிட்டுவிட்டது. உலகமே வியந்த ஒரு படம், கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்த மென்பொருளில் உருவாகியிருக்கிறது.

எனவே எந்தப் பழைய பெட்டியும் போதும் என்பது இதன் பொருளன்று. எந்தக் காட்சியை எங்கே வெட்டுவது, எதை முன்னே வைப்பது என்னும் அறிவைக் கடையில் விலைக்கு வாங்க இயலாது என்பதே பொருள். அந்த அறிவு வளரத் தடையாக நிற்காத கணினி ஒன்று மாணவனுக்குப் போதுமானது.

கணினி ஏன் திணறுகிறது?

"படம் பார்க்கும்போது நன்றாகத்தானே ஓடுகிறது, எடிட்டிங்கில் மட்டும் ஏன் நின்று நின்று போகிறது?" என்று கேட்கும் பெற்றோர் பலர். இதற்கு விடை, காட்சிகள் பதிவாகும் முறையில் இருக்கிறது.

கைப்பேசியும் கேமராவும் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாகப் பதிவு செய்வதில்லை. எச்.264, எச்.265 எனப்படும் சுருக்க முறைகளில், அவ்வப்போது ஒரு சட்டகத்தை மட்டும் முழுமையாக வைத்து, இடைப்பட்டவற்றில் நிகழ்ந்த மாற்றங்களை மட்டுமே குறித்துவைக்கின்றன. கடையின் பேரேட்டில் வரவு செலவை மட்டும் எழுதி, இருப்புத் தொகையை மாதம் ஒருமுறை மட்டும் எழுதுவது போன்றது இது. மாதத்தின் நடுவில் ஒரு நாளின் இருப்பை அறிய, முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். படத்தொகுப்பாளரோ முன்னும் பின்னும் தாவித் தாவிச் செல்பவர். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

மேலும், முழு எச்.டி. சட்டகம் ஒன்றில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே சட்டகத்திலோ ஏறத்தாழ 83 லட்சம். சுமை நான்கு மடங்காகிறது.

செலவில்லாத ஒரு வழி

இச்சுமையைக் குறைக்கப் பணம் செலவழிக்காத வழி ஒன்று உண்டு. அதற்குப் 'பிராக்சி' என்று பெயர். மூலக் காட்சிகளுக்குச் சிறிய அளவிலான நகல்களை மென்பொருளே உருவாக்கித் தரும். வெட்டுதல், ஒட்டுதல் அனைத்தையும் அந்நகல்களைக் கொண்டே செய்துவிட்டு, இறுதியில் படத்தை வெளியிடும்போது மட்டும் மூலக் காட்சிகளுக்கு மாறிக்கொள்ளலாம். நகல் உருவாகும் வரை சிறிது நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. அடோபி பிரீமியர் புரோவிலும் டாவின்சி ரிசால்விலும் மட்டுமன்றி, விலையில்லாமல் கிடைக்கும் கேடன்லைவ், ஷாட்கட் ஆகியவற்றிலும் இவ்வசதி உண்டு. டாவின்சி ரிசால்விலும் விலையில்லாப் பதிப்பு இருக்கிறது. கையிலுள்ள கணினி திணறுகிறது என்று சொல்லும் பிள்ளை, முதலில் இம்முறையைக் கையாண்டு பார்த்ததா என்று கேட்டறிவது நலம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, கல்லூரியில் கற்பிப்பது எது என்பதை முன்னரே விசாரித்தல் அவசியம். பைனல் கட் புரோ விண்டோஸ் கணினியில் இயங்காது. பிரீமியர் புரோவுக்குச் சந்தா கட்ட வேண்டும். அச்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதில் செலவிடலாம்? எதில் சுருக்கலாம்?

முதலாவது, நினைவகம். ரேம் எனப்படும் இது 16 ஜி.பி. இருத்தல் வேண்டும். 8 ஜி.பி.யில் வேலை நடக்கும். ஆனால் நிம்மதி இராது. ஒளிக்கலவை, சிறப்புக் காட்சிகள் என்று பின்னர் செல்லக்கூடியவருக்கு 32 ஜி.பி. உதவும். பின்னாளில் ரேமைக் கூட்ட முடியுமா என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும், 2020 முதல் எம் வரிசைச் சில்லுகளுடன் வரும் ஆப்பிள் மடிக்கணினிகளிலும் வாங்கும்போது இருக்கும் அளவே இறுதியானது.

இரண்டாவது, சேமிப்பகம். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிவு செய்யும் கேமராவில் ஒரு நிமிடக் காட்சி 750 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. மூன்று பயிற்சிகளுக்கு இவ்வாறு படம்பிடித்தால் 135 ஜி.பி. ஆகிவிடும். 256 ஜி.பி. கொண்ட கணினி முதல் பருவத்திலேயே நிரம்பிவிடும். உள்ளே 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருக்க, வேலைக்கென வெளியே ஓர் எஸ்.எஸ்.டி. இருப்பது நல்ல ஏற்பாடு.

மூன்றாவது, பிராசசர். முன்னர் கூறிய சுருக்கக் கணக்கைப் போடுவதற்கென்றே தனிப் பகுதி இன்டெல் பிராசசர்களில் 2011 முதல் வருகின்றது. அது உள்ளமைந்த கிராபிக்ஸைச் சார்ந்தது. மேசைக் கணினி பூட்டும்போது, சற்று விலை குறைவு என்று பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்துள்ள பிராசசரை வாங்கினால் இவ்வசதி இல்லாமற்போகும்.

நான்காவது, தனி கிராபிக்ஸ் கார்டு. வண்ணச் சீரமைப்புக்கும் டாவின்சி ரிசால்வுக்கும் இது பெரிதும் பயன்படும். வெட்டி ஒட்டப் பழகும் முதலாண்டு மாணவருக்கோ இது அத்தனை இன்றியமையாததன்று. விலையை ஏற்றிவிடுவது பெரும்பாலும் இதுவே ஆதலால், இங்குதான் பெற்றோர் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, பலரும் மறப்பது, திரை. விலை குறைந்த மடிக்கணினிகளின் விவரக் குறிப்பில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று காணப்படும். அத்தகைய திரை வண்ணங்களை வெளிறச் செய்து காட்டும். அதை நம்பி நிறத்தைக் கூட்டினால், வேறு திரையில் முகமெல்லாம் சிவந்து தெரியும். 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற அளவில் 100 சதவீதத்தை ஒட்டிய திரையே ஏற்றது. விளையாட்டுக்கென விற்கப்படும் மலிவான மடிக்கணினிகள் சிலவற்றில் கிராபிக்ஸ் கார்டு உயர்ந்ததாகவும் திரை தாழ்ந்ததாகவும் இருப்பதுண்டு.

மடிக்கணினியா, மேசைக் கணினியா?

விடுதியில் தங்கிப் பயில்பவருக்கு மடிக்கணினியே வழி. வீட்டிலிருந்து கல்லூரி சென்று வருபவருக்கு மேசைக் கணினி சிறந்தது. அதே விலையில் வலிமை கூடுதலாகக் கிடைக்கும், சூடு குறையும், பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம், இன்று 16 ஜி.பி. வைத்துவிட்டு, கை தளர்ந்தபின் கூட்டிக்கொள்ளலாம். மின்வெட்டுள்ள ஊர்களில் யு.பி.எஸ். ஒன்றும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த கணினிகளும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, மிகச் சில விதிவிலக்கு நீங்கலாக, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இதை அறியாமல் வாங்குவோர் ஏமாற நேரிடும்.

தவணை குறித்து ஒரு வார்த்தை

"வட்டியே இல்லை, மாதத் தவணைதான்" என்ற விளம்பரத்தைக் கண்டு, வட்டிக்கு அஞ்சும் நம் குடும்பங்கள் ஆறுதல் அடைவதுண்டு. வட்டியே இல்லாத கடன் என்னும் கருத்தே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் குறிப்பிட்டது. இத்திட்டங்கள் பலவற்றில் வட்டி வேறு பெயரில் விலைக்குள்ளோ, கைவிட்டுப்போன தள்ளுபடிக்குள்ளோ மறைந்திருக்கும். ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, தவணையில் கட்டினால் மொத்தம் எவ்வளவு, ஒப்பந்தத் தாளில் வட்டி என்ற சொல் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டு, எழுத்தில் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஆறு மாதம் பொறுத்துச் சேமித்து வாங்குவது இழப்பாகாது.

பிரதி எடுத்தலின் அருமை

மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை மற்றொரு ஹார்டு டிஸ்க்கில் செலவிடச் சொல்வோம். பிக்ஸார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி 2' படத்தை உருவாக்கிவந்தபோது, 1998இல் ஒரு தவறான கட்டளையால் கோப்புகள் அழிந்தன. நிறுவனத்தின் காப்புப் பிரதியும் சரிவர இயங்கியிருக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காத்தது. பெரும் நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், தேர்வுக்கு முந்தைய நாள் ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பியிருக்கும் மாணவனின் நிலை என்னாகும்? மூன்று பிரதிகள், இருவேறு சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது இத்துறையினரின் விதி.

பெற்றோருக்கு

கணினி வாங்குமுன் முதல் பருவத்தைக் கல்லூரிக் கூடத்திலும், வீட்டிலுள்ள கணினியிலும், இயன்றால் கைப்பேசியிலுமே பழகச் சொல்லுங்கள். அதற்குள் இக்கலை தனக்கு உவப்பானதா, எந்த இடத்தில் வேலை தடைப்படுகிறது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். "பெரிது வேண்டும்" என்று கேட்ட பிள்ளை, "ரேம் போதவில்லை, திரை சரியில்லை" என்று காரணத்தோடு கேட்கத் தொடங்கும். அந்நாளில் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். மகன் கேட்டால் ஒரு நியாயம், மகள் கேட்டால் ஒரு நியாயம் என்றில்லாமல், இருவருக்கும் அதே அளவுகோலை வையுங்கள். வீண்விரயமும் கூடாது, தேவையான கருவிக்குக் கையை இறுக்கிக்கொள்ளவும் கூடாது. காரணம் அறிந்து செலவிடும் பணம், இன்ஷா அல்லாஹ், பிள்ளையின் கைத்தொழிலாகத் திரும்பி வரும்.