பேச்சில் முடியும் வேலை, பாக்கியில் நிற்கும் கூலி

“சின்னதா ஒரு வெப்சைட் போட்டுக் கொடுங்க தம்பி, காசு அப்புறம் பேசிக்கலாம்.” ஜவுளிக்கடையிலிருந்து பல் மருத்துவமனை வரை, தனியாகத் தொழில் செய்யும் வலைத்தள வடிவமைப்பாளரின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஐந்து பக்கம் என்று பேசியது பன்னிரண்டாகும். லோகோவின் நிறம் நான்காவது முறையாக மாறும். தீபாவளி ஆஃபர் பேனரும் அதே கூலிக்குள் வந்து சேரும்.

முன்பணம் எவ்வளவு, எத்தனை திருத்தம், படங்களைக் கடைக்காரர் எந்தத் தேதிக்குள் தருவார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுவது யாரையும் சந்தேகிப்பதாகாது.

சட்டம் வடிவமைப்பாளர் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பணம் தர எழுத்தில் கெடு வைத்தாலும் அது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுதாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. இதைக் கோர, குறு, சிறு தொழில்களுக்கான, கட்டணமே இல்லாத உதயம் பதிவை வேலையை ஏற்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.

கடைக்காரருக்கும் எழுத்து தேவை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், வெளியாளிடம் செய்வித்த வடிவமைப்புக்குப் பொதுவாக முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. முழுப்பணம் கொடுத்தாலும், உரிமை கைமாறக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும்.

டொமைன் பெயரோ முதல் நாளிலேயே கடைக்காரர் பெயரில் பதிவாக வேண்டும். அதைத் தன் பெயரில் எடுத்துப் பாக்கிக்குப் பிணையாக வைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளரை ஆதரிக்க முடியாது.