பொது மூதாதையர் என்றால் குற்றவாளியா?

கியூபெக்கில் நடுவயதுக்குப் பிறகு கண்ணிமை சரிந்து, விழுங்கத் திணறவைக்கும் பரம்பரைத் தசைநோய் ஒன்று உண்டு. நோயாளிகளின் வம்சாவளிகள் 1634இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம் போய்ச் சேர்கின்றன. ஆகவே நோயைக் கொண்டுவந்தவர்கள் அவர்களே என்பது வாதம்.

1. பதினேழாம் நூற்றாண்டில் குடியேறிய சில ஆயிரம் பேரின் வாரிசுகள்தான் இன்றைய பிரெஞ்சுக் கனடியர்களில் பெரும்பாலோர். ஆரோக்கியமானவர்களின் வம்சாவளியைத் தேடினாலும் அதே ஆதித் தம்பதிகள்தான் அகப்படுவார்கள். அந்த ஒப்பீடு இல்லாமல் இது என்ன நிரூபணம்?

2. பன்னிரண்டு தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள். ஒவ்வொரு படியிலும் பிழையுள்ள மரபணு இறங்க பாதி வாய்ப்பே. வம்சாவளிக்கு ஆதாரமான தேவாலயப் பதிவேடு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் எழுதியது. யாருடைய இமை சரிந்தது என்று எழுதியதா?

3. புகாரா யூதர்களிடம் இதே நோய் சுமார் 600 பேரில் ஒருவருக்கு. கியூபெக்கில் 1,000க்கு ஒருவர். அவர்களும் அதே கப்பலில் வந்தவர்களா? மரபணுப் பிழை தனித்தனியாகவும் பிறக்கும்.

கியூபெக் நோயாளிகளுக்குப் பொது மூலம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சான்று 14ஆம் குரோமோசோமில் அவர்கள் பகிரும் துண்டு.  ஆனால் அந்தத் துண்டில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. தம்பதிமீதான தீர்ப்பு செல்லாது.