பாக்கெட் ரிவால்வர்: எடை குறைந்தால் மட்டும் போதுமா?

பேன்ட் பாக்கெட்டில் ரிவால்வரைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிற மனிதர் நமக்கு சினிமாவில்தான் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவர் பக்கத்து வீட்டுக்காரர். அங்கே ரிவால்வர் என்பது கடைக்குப் போய், கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிற ஒரு சாமான். நாம் செல்போன் வாங்கும்போது பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று கேட்பதுபோல அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை அவுன்ஸ்?" இந்த அவுன்ஸ் மோகம் தப்பு என்பதுதான் என் கட்சி. துப்பாக்கி வைத்திருப்பதே சரியா என்ற பெரிய பஞ்சாயத்து வேறு. அதற்குள் இப்போது நுழையவில்லை.

எனக்கு ஏன் இந்த வேண்டாத ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். என் பெரியம்மா மகன் ஹூஸ்டன் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். ராத்திரி கடையை அடைத்துவிட்டு அன்றைய வசூலோடு தனியாக வீட்டுக்குக் கிளம்புகிறவர். டெக்சாசில் 2021 செப்டம்பர் முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத 21 வயது நிரம்பியவர் எவரும் லைசென்ஸ் இல்லாமலே அதை மறைத்து எடுத்துப் போகலாம். அண்ணன் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். "நீ மெக்கானிக்கல் படிக்கிறவன்தானே, 340பிடி வாங்கலாமா, 642 போதுமா, சொல்லு" என்று கேட்டார். நான் வாழ்க்கையில் சுட்டது என்.சி.சி. முகாமில் தரையில் படுத்துக்கொண்டு .22 ரைபிளில் சில ரவைகள்தான். ஆனால் கேள்வி இயற்பியல் கேள்வி. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் கொஞ்சம் பூர்வோத்தரம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-ல் "சீஃப்ஸ் ஸ்பெஷல்" என்ற குட்டி ரிவால்வரைக் கொண்டுவந்தது. ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் ரகம், குழல் இரண்டு அங்குலத்துக்குள். முழுக்க எஃகு. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இன்றைக்கு "ஜே ஃபிரேம்" என்று சொல்கிற குடும்பத்துக்கே அதுதான் மூத்த பிள்ளை. இரண்டே வருடத்தில் சட்டகத்தை அலுமினியத்தில் செய்து "ஏர்வெயிட்" என்று பெயர் வைத்தார்கள். ஆரம்பத்தில் ஆசை மிஞ்சி, தோட்டா உட்காரும் உருளையையும் அலுமினியத்திலேயே செய்தார்கள். விமானிகளுக்காக அமெரிக்க விமானப்படை வாங்கிய ரிவால்வர்களிலும் இதே கதைதான். வெடிக்கிற அழுத்தம் முழுவதையும் வாங்கிக்கொள்வது அந்த உருளை. அலுமினியம் அதற்குத் தாங்கவில்லை. கடைசியில் விமானப்படை அந்த ரிவால்வர்களைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை அழித்தே விட்டது. எடை குறைப்பதில் எங்கே நிறுத்த வேண்டும் என்ற பிரச்சினை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இன்று கடைக்குப் போனால் மூன்று தட்டு இருக்கிறது. முழு எஃகில் செய்தவை 560 முதல் 650 கிராம் வரை. அலுமினியச் சட்டகமும் துருப்பிடிக்காத எஃகு உருளையும் கொண்டவை (அண்ணன் கேட்ட 642 இதில் சேரும்) 425 கிராம் அளவு. அதற்கும் கீழே, ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகமும் டைட்டானியம் உருளையும் வைத்த 340பிடி, சுமார் 330 கிராம். இது .38 மட்டுமல்ல, அதைவிட மிகவும் பலமான .357 மேக்னம் தோட்டாவையும் சுடும். விலை 642-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 330 கிராம் என்றால் மூன்று ஆப்பிள் எடைகூட இல்லை. பாக்கெட்டில் இருப்பதே மறந்துவிடும் என்பார்கள். ஆசை வருவது நியாயம்தான்.

இப்போது கணக்கு. பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம் :-)

ஒரு சாதாரண .38 குண்டின் நிறை சுமார் 10 கிராம். குட்டிக் குழலிலிருந்து நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகிறது. அதோடு வெளியே பாயும் வாயுவையும் சேர்த்தால் குண்டு முன்னே கொண்டுபோகிற உந்தம் தோராயமாக 2.7 நியூட்டன் நொடி. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே உந்தம் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகக் கிடைக்கிறது. துப்பாக்கி எஃகோ டைட்டானியமோ, உந்தம் மாறாது. மாறுவது, உங்கள் உள்ளங்கையில் வந்து மோதுகிற ஆற்றல். உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இரண்டு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். அதாவது துப்பாக்கியின் எடை பாதியானால் உதை இரட்டிப்பு. தோட்டா நிரப்பிய எடைக்குப் போட்டுப் பார்த்தேன். எஃகு ரிவால்வரில் 6 ஜூலுக்குள். 642-ல் 7 சொச்சம். 340பிடியில் அதே .38 போட்டால் 9. அதிலேயே மேக்னம் தோட்டா போட்டால் 20-ஐத் தாண்டிவிடுகிறது! எஃகைப் போல மூன்று மடங்குக்கு மேல், அதுவும் இரண்டு விரல் மட்டும் பிடிக்கக்கூடிய ஒரு சின்னக் கைப்பிடி வழியாக.

அந்த 20 ஜூல் வெறும் வலியோடு முடிவதில்லை. துப்பாக்கி பின்னால் வெட்டி இழுக்கும்போது உருளைக்குள் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் பித்தளை உறையும் கூடவே பின்னால் போகிறது. கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இப்படி இரண்டு மூன்று தடவை ஆனால் குண்டு உறையிலிருந்து கழன்று முன்னால் நீட்டிக்கொள்ளும். உருளை சுழலாமல் சிக்கிவிடும். "ரிவால்வர் மக்கர் பண்ணாது" என்ற பெயரே போச்சு. இதற்குப் பயந்து லேசான குண்டு போடலாமென்றால் அதுவும் ஆகாது. 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று 340பிடியின் குழலிலேயே எழுதியிருக்கிறது. லேசான குண்டு வைத்த மேக்னம் தோட்டாக்களின் தீச்சுவாலை டைட்டானியத்தை அரித்துவிடும் என்பது காரணம். இத்தனையும் பொறுத்துக்கொண்டாலும், இரண்டு அங்குலக் குழலில் மேக்னத்தின் வெடிமருந்து முழுப் பலனையும் தருவதில்லை. பலத்தின் ஒரு பங்கு சத்தமாகவும் வெளிச்சமாகவும் வெளியே போகிறது. அதனால்தான் இதை வாங்கிய பலர் ஒரு தடவை மேக்னம் சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகு .38 போட்டே வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு மடங்கு விலை எதற்கு?

ட்ரிகர் விஷயமும் இருக்கிறது. இந்த ரகத்தில் ஹேமர் வெளியே தெரியாத மாதிரியைத்தான் வாங்க வேண்டும். பாக்கெட் துணியில் மாட்டாமல் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் விரலால் முழுத்தூரம் இழுத்தே சுட வேண்டும். அந்த இழுப்புக்கு ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ அளவு விசை தேவை. 330 கிராம் பொருளை அதன் எடையைப் போல 16 மடங்கு விசையால் இழுக்கும்போது குழல் ஆடாமல் நிற்குமா? கனமான துப்பாக்கி தன் எடையாலேயே கொஞ்சம் நிதானமாக நிற்கும். லேசானதில் அந்த வேலையும் உங்கள் கைக்குத்தான். ரூகர் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த எல்.சி.ஆர். ரிவால்வர் இந்த இடத்தில் புத்திசாலித்தனமாக இருக்கிறது. கைப்பிடிப் பகுதியில் பாலிமர், சுமார் 383 கிராம், இழுக்கும்போது உராய்வு குறைகிற மாதிரி கேம் அமைப்பு. டிசைன் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதுதான் அழகு. அண்ணனுக்கு அது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி தெரிகிறதாம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "கனமாக இருந்தால் பத்து நாளில் அலுத்துப்போய் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். கூட இருப்பதுதான் உதவும்." உண்மை. இதனால்தான் எஃகுத் துப்பாக்கியை நானும் சிபாரிசு செய்யவில்லை. முக்கால் கிலோவை நெருங்கும் சாமான் பாக்கெட்டில் ஊசலாடும். ஆனால் 425-க்கும் 330-க்கும் நடுவே உள்ள 95 கிராம், அண்ணனின் சாவிக்கொத்து எடைகூட இருக்காது. அதைப் பாக்கெட்டில் மிச்சம் பிடித்துப் பயிற்சியில் தொலைக்கிறார்கள். கை வலிக்கிற துப்பாக்கியை யாரும் மாதாமாதம் எடுத்துப் போய்ச் சுட்டுப் பழக மாட்டார்கள். பழகாதவர் பதற்றத்தில் சுடும் குண்டு திருடன் மேல்தான் படும் என்று என்ன நிச்சயம்? பின்னால் நிற்கிறவர் மேல் பட்டால்? ஆகவே என் அளவுகோல் இதுதான்: ஒரே நாளில் 50 தோட்டாவை முகம் சுளிக்காமல் சுட முடிகிற ரிவால்வர்களில் எது லேசானதோ, அதை வாங்கலாம். அநேகருக்கு அது அலுமினிய 642 அல்லது எல்.சி.ஆர். ஆகத்தான் இருக்கும். தோட்டாவிலும் வீரம் வேண்டாம். குறிப்பயிற்சிக்குச் செய்கிற 148 கிரெயின் தட்டைமூக்குக் குண்டு உதை குறைவு, உள்ளே போவதும் போதுமான ஆழம். மூக்கு தட்டையாக இருப்பதால் அவசரத்தில் திரும்ப நிரப்புவது மட்டும் சிரமம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. 2018-ல் வந்த சிக் பி365 பிஸ்டல் அரைக் கிலோ எடையில் 10 தோட்டா கொள்கிறது. ஐந்து தோட்டா ரிவால்வரை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஒரு காரணம்தான் எனக்கு உறுதியாகப் படுகிறது. ஸ்லைடு கிடையாது என்பதால் கோட்டுப் பைக்குள்ளிருந்தேகூட சுட முடியும். நெருக்கிப் பிடித்துக் கட்டிப்புரளும்போதும் சிக்காது. கோட்டே போடாத, பிஸ்டல் பழகத் தயாரான ஆளுக்கு இந்த வாதம் செல்லாது.

நம்மூரிலும் இதே எடைப் பேச்சு ஒருமுறை வந்தது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014-ல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை "நிர்பீக்" என்று பெண்களுக்காக ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலவை, 500 கிராம், கைப்பையில் வைக்கலாம் என்று விளம்பரம். .32-ன் உதை .38-ஐவிட நன்றாகவே குறைவு என்பதால் சுடுவதற்கு அது சிரமமாக இருந்திருக்காது. ஆனால் விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ். பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு 500 கிராமா 300 கிராமா என்பதா பிரச்சினை?

பாக்கெட்டுக்குத் திரும்புவோம். ட்ரிகரை முழுக்க மூடுகிற பாக்கெட் உறை இல்லாமல் வைக்கவே கூடாது. அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும், சில்லறைகூட, இருக்கக் கூடாது. உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டுவிட்டால் முன்பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். காரில் ஏறும் நேரத்தை நினைத்து வாங்குகிற அண்ணன் இதை யோசித்ததாகவே தெரியவில்லை. வியர்வையும் பஞ்சுத்தூசும் சேரும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

கடைசியாக அந்த பேன்ட். பாக்கெட்டில் இருப்பதே மறந்துவிடும் என்பதுதானே லேசான ரிவால்வரின் பெருமை? ராத்திரி பேன்டைக் கழற்றிக் கதவில் மாட்டும்போதும் அதே மறதி வரும். அண்ணன் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. டெக்சாஸ் சட்டப்படி, நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு, அது 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சட்டத்தை விடுங்கள், 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்த சுமார் 48,000 பேரில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 27,000 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள். மனசு உடைந்த ஒரு ராத்திரியில் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் துப்பாக்கி இருப்பது பெரியவர்களுக்கும் ஆபத்துதான். கட்டிலுக்குப் பக்கத்தில், விரலால் எண் அழுத்தித் திறக்கிற சின்ன எஃகுப் பெட்டி ஒன்றை ரிவால்வர் வாங்குவதற்கு முன்பே வாங்கிச் சுவரோடு முடுக்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.