‘இதுல சாதி எங்க வந்தது?’

பழவேற்காடு ஏரியில் ஒரு தலித் மீனவரின் வலை அறுக்கப்பட்டாலும், ஓர் இருளர் பழங்குடிப் பெண்ணின் இறால் போடும் பறி பிடுங்கப்பட்டாலும் கரையில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “சாதிச் சண்டையெல்லாம் இல்லீங்க, தொழில் தகராறு.” காவல் நிலைய எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். பத்திரிகையில் வந்தால் ‘மீனவர்களிடையே மோதல்’ என்று நாலு வரி வரும். சென்னையிலிருந்து போய்வரும் சூழலியல் நண்பர்கள்கூட, ஏழைகளுக்குள் சண்டை மூட்டாதீர்கள் என்று நமக்குப் புத்தி சொல்வார்கள். முழுப் பொய்யாக இருந்தால் இந்தப் பதில் என்றோ செத்திருக்கும். பாதி உண்மை கலந்திருப்பதால் தலைமுறை தாண்டி ஓடுகிறது.

அந்தப் பாதியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வாய்த்திருக்கிறது. முகத்துவாரம் மணல் தூர்ந்தால் கடல்நீர் ஏறாது, இறால் வராது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கராக விரிக்கும் திட்டம் வேறு. மீன் குறைந்து, பிடிக்கிற கை கூடினால் சண்டை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் சண்டை எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் ஓடும் இடங்கள் சிலவே என்பதால், இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று சுழற்சியில் வலை போடுகிறார்கள். ஏரியைச் சுரண்டாமல், ஒருவரே வாரிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் புகழ்ந்திருக்கிறார்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை. அரசாங்கம் செய்யாததைக் குப்பத்துக்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் பாட்டில் இடம் யாருக்கு? மீனவச் சாதியான பட்டினவர் குடும்பத்து ஆண்களுக்கு, பிறப்பு வழி உரிமையாக. அதே ஏரியில் காலங்காலமாக மீன் பிடித்தே பிழைக்கிற தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அதில் பெயர் கிடையாது. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு அந்த வேலி இன்னும் இறுகியது. உள்ளே இருப்பவர்களுக்கு அது சமத்துவம், வெளியே நிற்பவர்களுக்குச் சுவர்.

இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சுவரின் உயரம் தெரியும். வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவு நீரில் குனிந்து நகர்ந்து, அடிச்சேற்றை இரண்டு கையாலும் தடவி, அகப்பட்ட இறாலைப் பறியில் போடுகிறார்கள். கை இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கும் எந்திரப் படகு வைத்திருப்பவருக்கும் நடப்பதைத் ‘தொழில் போட்டி’ என்று எழுத ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

பாட்டுக்குள் இருக்கும் இரண்டு குடும்பங்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டால் என்ன நடக்கும்? ஊர்ப் பஞ்சாயத்து கூடும், அபராதம் போடும். இருவரும் அதே சபையில் உட்கார்ந்திருப்பார்கள். அது தொழில் தகராறு. பாட்டுக்கு வெளியே உள்ளவர் அடிபட்டால் அவருக்கு அந்தச் சபையில் உட்கார இடமே இல்லை. ‘ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்’ என்கிறபோது அந்த ஊரில் அவர் சேர்த்தியா என்று யாரும் கேட்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்களே நீதிபதிகளாக இருக்கும் சபைக்கு ஒருவரைப் போகச் சொல்வதும், புகார் கொடுக்காதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சாக்கு புதிதல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். நெற்கூலி கொஞ்சம் உயர்த்திக் கேட்டதில் வந்த விவகாரம் என்பதால் ‘கூலித் தகராறு’ என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கூலித் தகராறுதான், யார் மறுத்தது? ஆனால் செத்தவர்கள் அத்தனை பேரும் தலித்துகள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. லண்டனில் 1993-இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்டபோதும், இது நிறவெறிக் கொலை என்பதை ஏற்கப் போலீசாரில் சிலருக்கு மனம் வரவில்லை. 1999-இல் வெளிவந்த மேக்பர்சன் அறிக்கை ஒரு முடிவுக்கு வந்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ இதை நிறவெறிச் சம்பவம் என்று கருதினால் போலீஸ் அப்படியே பதிவுசெய்ய வேண்டும், உண்மையா இல்லையா என்பது பிறகு விசாரணையில் தெரியட்டும். நம் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். அடிபட்டவர் வாயைத் திறக்குமுன் சுற்றியிருப்பவர்கள் காரணத்தை முடிவுசெய்துவிடுகிறார்கள்.

நம் சட்டம் ஒன்றும் அவ்வளவு மந்தமில்லை. வெறுப்புக் குற்றம் என்ற பெயரில் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை என்றாலும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த வேலையைச் செய்வது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ‘சாதிக்காக அடித்தான் என்று எப்படி நிரூபிப்பாய்?’ என்று வாயடைக்கிறவர்கள் 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் படிக்க வேண்டும். அடித்தல், வழிமறித்தல், மிரட்டல் உள்ளிட்ட பல குற்றங்களில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்று தெரிந்தே செய்திருந்தால் போதும். சாதியே காரணம் என்று மனதைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவருக்கு நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டவேண்டியது எதிராளி பொறுப்பு. முகம் பார்த்தே மூன்று தலைமுறை சொல்லும் குப்பத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்பது எடுபடுமா? பொதுவளத்தை மற்றவர்போலப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே திருத்தத்தில் குற்றங்களாயின. ஏரி யார் பட்டாவிலும் இல்லை. ‘அவன் இறாலை எடுக்காதே’ என்று ஏலக்காரரிடம் சொல்லிவைப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்புதான்.

இவ்வளவும் காகிதத்தில் இருந்தும் வழக்கு ஏன் தேய்கிறது? பெரும்பாலும் முதல் வரியிலேயே. ‘எனக்கும் இன்னாருக்கும் வலை போடுவதில் முன்விரோதம் இருந்துவந்தது’ என்று தொடங்கும் புகார் அங்கேயே பாதி தோற்றுவிட்டது. அந்த வரியைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் நிற்பார். இன்னொரு கோளாறு, ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’. என்ன வார்த்தை? கூச்சமாக இருந்தாலும், சாதிப் பெயரோடு, சொன்னது சொன்னபடி எழுத வேண்டும். எங்கே வைத்துச் சொன்னார், யார் காதில் விழுந்தது என்பதும் வேண்டும். நாலு பேர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருந்தால்தான் சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றம் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. புகார் கொடுப்பவர் தன் சமூகத்தையும் எதிராளியின் சமூகத்தையும் எழுத வேண்டும். அறுபட்ட வலை, உடைந்த படகு எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம். அதை எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, நகல் தரவேண்டியது அதிகாரியின் கடமை. பட்டியல் வகுப்பைச் சேராத அரசு ஊழியர் அந்தக் கடமையை வேண்டுமென்றே தவறவிட்டால் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அவரே குற்றவாளி. புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து ‘பாத்துக்கலாம் போங்க’ என்பார்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், 14566 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லலாம், நீதிமன்றத்தையும் அணுகலாம். துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு. இருளர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி வரும்: ‘சாதிச் சான்றிதழ் இருக்கா?’ கோட்டாட்சியர் தரவேண்டிய அந்தக் காகிதத்துக்காக அலைந்தே வயது போனவர்கள் அவர்கள். சான்றிதழ் கையில் இருந்தால்தான் புகாரைப் பதிவேன் என்று சொல்ல இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

‘பி.சி.ஆர். போட்டுக் காசு பாக்குறாங்க’ என்பது இந்தச் சட்டத்துக்கு எதிரான அடுத்த வாதம். நிவாரணம் உண்டு, குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயில் தொடங்கும். பல குற்றங்களுக்கு அது வழக்கு பதியும்போது கொஞ்சம், குற்றப்பத்திரிகையின்போது கொஞ்சம், தண்டனைக்குப் பின் மிச்சம் என்று தவணையில் வருகிறது. பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு, ஊர்ப் பகையைச் சுமந்துகொண்டு, எதிர்த்தரப்பு போடும் எதிர்ப்புகாரில் தானும் குற்றவாளியாகி, இந்தத் தவணைக்காக ஒருவர் பொய்வழக்குப் போடுவார் என்று நம்புவதற்கும் ஒரு மனம் வேண்டும். அந்த மனம் டெல்லி வரை உண்டு. 2018 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றமே முன்விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்றெல்லாம் முட்டுக்கட்டை போட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு நாடாளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்தது. இப்போது முன்விசாரணை தேவையில்லை.

பட்டியல் வகுப்பில் இல்லாதவர்களுக்கு இந்தக் கவசமும் கிடையாது. பழவேற்காட்டு முஸ்லிம் மீனவர் ஒருவர் மதத்தின் பெயரால் தாக்கப்பட்டால் பொதுச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் சாதி, இனம், மொழி போன்ற காரணத்தால் கொலை செய்வதற்கு 2024 ஜூலை முதல் தனிப்பிரிவு இருக்கிறது. மதம் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எல்லாம் சொன்ன பிறகும் சூழலியல் நண்பர்கள் விடமாட்டார்கள்: துறைமுகம் ஏரியையே விழுங்கப் பார்க்கும்போது சாதியைப் பேசி ஒற்றுமையைக் குலைக்கலாமா? பட்டினவர்களும் அன்றாடங்காய்ச்சிகள்தான், அவர்கள் போராட்டம் நியாயமானது, நானும் அவர்கள் பக்கம். ஆனால் நாளைக்கே துறைமுகம் வந்து நிவாரணப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் கையால் தடவி இறால் பிடித்த பெண்ணின் பெயரை எந்தத் தலைவர் சேர்க்கச் சொல்வார்? அடி விழும்போது அவள் ‘மீனவர்களிடையே மோதலில்’ ஒரு மீனவர். பணம் வரும்போது, “அவங்க மீனவருங்க இல்லீங்க, சும்மா கரையில பொறுக்குறவங்க.”