கல்லும் காணியும்

புத்தளக் கரையிலே, சிலாபத்தின் அருகே, முன்னேஸ்வரம் என்னும் பழம்பெரும் சிவத்தலம் உண்டு. 1578இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர். அதன் அடித்தளத்தின்மேல் தம் வழிபாட்டிடத்தை எழுப்பினர். பின்னர் 1753இல் அக்கோயிலை மீண்டும் எழுப்பிக் குடமுழுக்குச் செய்வித்தவன் யார்? கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன்! நாயக்கர் குலத்தவனாயினும், பௌத்தத்தின் காவலனாய் முடிசூடியவன். சீயத்துப் பிக்குமாரை வரவழைத்துச் சங்கத்துக்குப் புத்துயிர் ஊட்டியதும் அதே ஆண்டில்தான்.

அவன் சுவர்களை எழுப்பியதோடு நில்லாது காணியும் வழங்கினான். அவனுக்கு மூன்று நூற்றாண்டு முன்னர் ஆண்ட கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவும் அத்தலத்தின் நிலக்கொடையைக் கல்லிற் பொறித்து உறுதிசெய்தான். விளக்கெரிக்க நிலமும், ஏற்ற ஆளும் இல்லையேல் கோயில் வெறுங் கற்குவியலே என்பதை அவ்வரசர் அறிந்திருந்தனர்.

இதே கரையில் இன்னொரு வரலாறும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியோர் பலர். புத்தளம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் அவர்கள் விட்டுவந்த வீடுகள் கூரை இழந்தன. தொழுகை ஒலித்த பள்ளிவாசல்கள் பாழடைந்தன.

2009இல் போர் முடிந்தது. பள்ளிவாசல்கள் சில பழுதுபார்க்கப்பட்டன. மீண்டு சென்றோர் சிலர், மீளாதோர் பலர். தொழுவோருக்கு வீடில்லாத தெருவில் பள்ளிவாசல் மட்டும் வெள்ளையடித்து நின்று பயன் என்ன?

'நம் கோயில்களும்தானே இடிந்தன? 1981இல் நம் நூலகமும்தானே எரிந்தது? முதலில் நம் காயம் ஆறட்டும்' என்பார் உளர். நம் இழப்புக்கு நீதி கேட்கும் அதே வாயால், நம் அயலான் கேட்கும் நீதியை மறுக்கலாமா? பௌத்த அரசு சைவர் கோயிலை எழுப்பியதைப் பெருமையோடு பேசும் நாம், முஸ்லிம்களின் தெருவை எழுப்பக் கைகொடுக்கத் தயங்குவது முறையா?

பொறியியலாளர் பழைய சுவர்களை அளந்து, இடிக்காமற் காக்க வழி சொல்லட்டும். வழக்கறிஞர் உறுதி தொலைந்தோரின் காணி உரிமையை நிலைநாட்ட முன்வரட்டும். ஆளில்லாக் காணியை இத்தனை ஆண்டும் உழுத உழவர், உரியவன் வரும் நாளில் எல்லைக் கல்லைக் காட்டிக் கொடுக்கட்டும். அரசின் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லைக் கல்லைக் காட்ட எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை.