ஆகஸ்ட் 16-க்கு ஏன் லீவு? இரண்டு போர்கள், ஒரு புதுச்சேரி!

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, மதியத்துக்குள் நாடே வீடு திரும்பிவிடும். புதுச்சேரியில் மட்டும் மறுநாளும் லீவு. கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வரும் வெளியூர் மருமகள்கள் முதல் வருஷம் தவறாமல் கேட்கும் கேள்வி, ''இன்னிக்கு எதுக்கு லீவு?'' அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நவம்பர் 1 வந்துவிடும். அன்றைக்கும் லீவு!

''பிரெஞ்சுக்காரன் போன நாள்'' என்பதுதான் இரண்டுக்கும் வீட்டில் கிடைக்கும் பதில். ஒருவர் எப்படி இரண்டு முறை போக முடியும்? நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி எழுதிக் கொடுத்தது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம். ''பிரெஞ்சு நாடாளுமன்றம் இழுத்தடித்தது'' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் இழுத்தடித்தது என்று கேட்டால்தான் கதை வியட்நாமுக்கும் அல்ஜீரியாவுக்கும் போகிறது. பிரான்ஸ் நடத்திய இரண்டு போர்கள் அவை. இரண்டையுமே கடைசியில் பிரான்ஸ் மக்கள் வெறுத்துப்போனார்கள். அந்த வெறுப்பு பாரிஸில் எப்போது முற்றியதோ, அப்போதுதான் இங்கே கையெழுத்து விழுந்தது.

இன்றைக்கு முதலியார்பேட்டை புதுச்சேரி நகரத்தோடு ஒட்டிய ஒரு பகுதி, ஒரு சட்டமன்றத் தொகுதி. பிரெஞ்சுக் காலத்தில் அது தனி கொம்யூன். புதுச்சேரிப் பகுதியில் இருந்த எட்டு கொம்யூன்களில் ஒன்று, தனி மேயர் உண்டு. கடலூர் சாலையில் இப்போது பூட்டிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. மில்லை பெரியவர்கள் இன்னமும் 'ரோடியர் மில்' என்றுதான் சொல்வார்கள். 1936 ஜூலை 30-ல் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸும் படையும் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தத் தொழிலாளர்களைத் திரட்டியவர் வ.சுப்பையா. ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்தால் அரசியல் பேசாமல் வீட்டுக்குப் போகாத பேட்டை இது.

இதே ஊரில் இன்னொரு பக்கமும் உண்டு. அதுதான் 'சொல்தா' குடும்பங்கள். பிரெஞ்சில் சிப்பாய்க்கு 'சொல்தா' என்று பெயர். புதுச்சேரித் தமிழிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு 'சைகோனுக்குப் போறது' என்றால் வேலைக்குப் போவது. கஸ்டம்ஸ், போலீஸ், சிறை, வரி வசூல், ராணுவம் என்று இந்தோசீனா முழுக்க நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். இங்கே நெசவு மில்லில் கிடைக்கும் கூலிக்கும் அங்கே அரசு உத்தியோகத்தில் கிடைக்கும் சம்பளத்துக்கும் எந்த ஒப்பீடும் கிடையாது. அப்புறம் பென்ஷன் வேறு. வேலைக்குப் போன இடம் போர்க்களமாக மாறும் என்று கிளம்பும்போது யாரும் சொல்லி அனுப்பவில்லை.

'அழுக்குப் போர்'

1946 டிசம்பரில் ஹோ சி மின்னின் வியட்மின் படைக்கும் பிரான்ஸுக்கும் முழுப் போர் மூண்டது. ஆரம்பத்தில் பிரான்ஸ் மக்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. சொல்லப்போனால் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. கட்டாய ராணுவ சேவையில் சேரும் பையன்களை இந்தோசீனாவுக்கு அனுப்புவதில்லை என்பது அரசின் முடிவு. சண்டையிட்டவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள், வெளிநாட்டவர் படை, மொராக்கோ, அல்ஜீரியா, செனகல்காரர்கள், வியட்நாமியர்களே பலர், அவர்களோடு நம் சொல்தாக்கள். பாரிஸில் ஒரு சராசரிக் குடும்பத்து அம்மாவுக்கு தபால்காரரைப் பார்த்துப் பயப்பட வேண்டிய அவசியமில்லை. போர் ஏழரை வருஷம் இழுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊரார் பிள்ளை போகிற போர் எவ்வளவு நாள் நடந்தாலும் உறைக்காது.

எதிர்ப்பு முதலில் இடதுசாரிகளிடமிருந்து வந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் 'அழுக்குப் போர்' என்ற பெயர் பரவியது. துறைமுகத் தொழிலாளர்கள் ஆயுதங்களைக் கப்பலில் ஏற்ற மறுத்தார்கள். 1950 பிப்ரவரியில் ரேமோந்த் தியென் என்ற இளம் பெண், தளவாடம் ஏற்றி வந்த ரயிலை மறித்து தண்டவாளத்தில் படுத்தார், சிறைக்குப் போனார். இந்தோசீனாவில் பணியாற்றிவிட்டு வந்த கடற்படை வீரர் ஆன்ரி மார்த்தேன், துலோன் துறைமுகத்தில் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தார். ராணுவ நீதிமன்றம் ஐந்து வருஷம் தண்டனை விதித்தது. 'ஆன்ரி மார்த்தேனை விடுதலை செய்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். தத்துவவாதி சார்த்ர் புத்தகம் கொண்டுவந்தார், பிக்காஸோ அவரைப் படமாக வரைந்தார். 1953-ல் அரசு முன்கூட்டியே விடுவித்தது.

நாடாளுமன்றத்துக்குள் வேறு குரல் ஒன்று. மெந்தேஸ் ஃபிரான்ஸ் (ஆமாம், பெயரிலேயே நாட்டை வைத்திருந்தவர்!) 1950-லேயே கணக்கைச் சொன்னார். ஜெயிக்க வேண்டுமென்றால் மூன்று மடங்கு படை, மூன்று மடங்கு பணம் வேண்டும். முடியாதென்றால் பேசி முடியுங்கள் என்றார். எடுபடவில்லை. 1954 வாக்கில் போர்ச் செலவில் பெரும்பங்கை அமெரிக்காதான் கொடுத்துக்கொண்டிருந்தது. கருத்துக் கணிப்புகளில், சண்டையைத் தொடர்ந்து இந்தோசீனாவை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சைகோனில் மகனை விட்டுவிட்டு இங்கே காத்திருந்த தாயிடம் அந்தக் கணிப்புக்காரர்கள் எவரும் வந்து கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஐந்தே நாள் இடைவெளி

1954 மார்ச் 13. தியென் பியன் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக் கோட்டை மீது வியட்மின் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்தன. ஐந்து நாள் கழித்து, மார்ச் 18-ல் புதுச்சேரியில் எட்டு கொம்யூன்களின் மேயர்களும் நிர்வாக ஆலோசகர்களும் ஒரு தீர்மானம் போட்டார்கள். வாக்கெடுப்பெல்லாம் வேண்டாம், உடனே இந்தியாவோடு இணைக்க வேண்டும் என்றது அது. முதலியார்பேட்டையும் அந்த எட்டில் உண்டு. அதுவரை பிரெஞ்சு ஆட்சியின் தூணாக இருந்த எதுவார் குபேரும் அந்த மாதமே கட்சி மாறி, நெட்டப்பாக்கத்தில் இணைப்புக் கொடியைத் தூக்கினார். அவர் மனம் ஏன் மாறியது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு. அதைத் தொட்டால் இந்தப் பத்தி போதாது.

ஒன்றை மட்டும் பார்க்கலாம். பாரிஸ் இவ்வளவு காலமும் விட்டுக்கொடுக்காததற்குச் சொன்ன காரணம், 1946 அரசியல் சட்டம். மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுத்தர முடியாது என்றது அதன் 27-வது பிரிவு. சொல்லாத காரணம், புதுச்சேரியைப் பேசிக் கொடுத்துவிட்டால் ஹனோய்க்கும் துனிஸுக்கும் என்ன பதில் சொல்வது என்ற பயம். சின்ன ஊர்தான். ஆனால், அடுக்கிவைத்த சீட்டுக்கட்டில் அடிச்சீட்டு.

டெல்லியும் சும்மா இல்லை. பிப்ரவரியிலேயே இந்தோசீனாவில் போர்நிறுத்தம் வேண்டும் என்றார் நேரு. ஏப்ரலில் பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிச் செல்லும் அமெரிக்க விமானங்கள் இந்திய வானத்தில் பறக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த விமானங்கள் சுற்றிக்கொண்டு இலங்கை வழியாகப் போயின. இன்னொரு பக்கம் புதுச்சேரி எல்லையில் இந்தியாவின் கெடுபிடி இறுகியது. ஊருக்குள் பொருள் வருவதே கஷ்டமானது. அதன் சுமையைத் தாங்கியவர்கள் கவர்னர் மாளிகையில் இருந்தவர்கள் இல்லை. மில் கூலியில் அன்றாடம் அரிசி வாங்கியவர்கள்தான்.

மே 7-ல் தியென் பியன் பூ விழுந்தது. மே நடுவில் பாரிஸில் தொடங்கிய இந்தியா-பிரான்ஸ் பேச்சுவார்த்தை ஜூன் ஆரம்பத்தில் முறிந்தது. அதற்குள் பிரெஞ்சு அரசே கவிழ, ஜூன் நடுவில் மெந்தேஸ் ஃபிரான்ஸ் பிரதமரானார். 'ஜூலை 20-க்குள் சமாதானம், இல்லையென்றால் ராஜினாமா' என்று சவால் விட்டார். ஜெனிவாவில் கடைசி இரவு நள்ளிரவைத் தாண்டியும் பேசி ஒப்பந்தத்தை முடித்தார். அந்த வேகத்திலேயே துனிசியாவுக்கு உள்நாட்டு சுயாட்சி, அடுத்து புதுச்சேரி. பொது வாக்கெடுப்புக்குப் பதிலாக மக்கள் பிரதிநிதிகள் மட்டும் ஓட்டுப் போட்டால் போதும் என்று பாரிஸ் இறங்கிவந்தது. அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு 170 ஓட்டு, எதிராக 8. நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே தேதியில், அதே 1954 நவம்பர் 1-ல், அல்ஜீரியா முழுக்கக் குண்டுகள் வெடித்தன. அடுத்த போர் ஆரம்பம்!

வீட்டுப் பிள்ளை போன போர்

அல்ஜீரியா காலனி அல்ல, பிரான்ஸின் ஒரு பகுதியே என்பது பாரிஸின் நிலை. பத்து லட்சம் ஐரோப்பியர்கள் அங்கே குடியிருந்தார்கள். எனவே இந்த முறை கட்டாய சேவைப் பையன்களையும் அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அங்கே போய்வந்தார்கள். இப்போது தபால்காரரைப் பார்த்து எல்லா அம்மாக்களும் பயந்தார்கள். 1955-ல் மறுபடி அழைக்கப்பட்டவர்கள் ரயிலில் ஏற மறுத்து ஸ்டேஷனிலேயே கலாட்டா செய்தார்கள்.

அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? 'முட்டாள்தனமான போர்' என்று பிரசாரம் செய்து 1956-ல் பிரதமரான சோஷலிஸ்ட் கி மொல்லே, அல்ஜியர்ஸுக்குப் போனார். அங்குள்ள ஐரோப்பியர்கள் தக்காளி வீசினார்கள். திரும்பி வந்து இன்னும் அதிகப் படையை அனுப்பினார். அவருக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டத்துக்கு கம்யூனிஸ்ட்களும் கை தூக்கினார்கள். 'அழுக்குப் போர்' என்று சுவரில் எழுதிய அதே கட்சி!

புதுச்சேரி ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானது இதே மொல்லே ஆட்சியில்தான், 1956 மே 28-ல். ஆனால் அதை நாடாளுமன்றத்தில் வைக்க பாரிஸுக்குத் துணிவில்லை. பிரெஞ்சு நிலத்தை விட்டுத்தரும் சட்டம் ஒன்று அங்கே வந்தால், 'அடுத்தது அல்ஜீரியாவா?' என்று வலதுசாரிகள் எழுந்து நிற்பார்கள். ஒப்பந்தம் அலமாரியில் தூங்கியது.

இங்கே விசித்திரமான வாழ்க்கை. அதிகாரி இந்தியர், போலீஸ் இந்தியா, ரூபாய் இந்தியா. ஆனால் முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர் சட்டப்படி பிரெஞ்சுக் குடிமகன். 1957-ல் நாடே லோக் சபாவுக்கு ஓட்டுப் போட்டபோது இந்த ஊருக்கு ஓட்டு இல்லை. 1962-லும் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்கள் அல்ஜீரியாவுக்குப் போனார்கள். தன் ஊர் விடுதலைக்குக் குறுக்கே நின்ற போரில் தானே துப்பாக்கி பிடிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

பிரான்ஸில் எதிர்ப்பு வளர்ந்துகொண்டே போனது. சித்ரவதைக் கதைகள் வெளிவந்தன. 1960 செப்டம்பரில் 121 எழுத்தாளர்களும் கலைஞர்களும், போருக்குப் போக மறுப்பது நியாயமே என்று கையெழுத்திட்டார்கள். 1962 பிப்ரவரியில் பாரிஸ் ஷாரோன் மெட்ரோ வாசலில் போலீஸ் தடியடியில் 9 பேர் இறந்தார்கள். மார்ச் 18-ல் எவியான் ஒப்பந்தம். ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் 90 சதவிகிதம் பேர் 'சரி' என்றார்கள். ஜூலை 5-ல் அல்ஜீரியா விடுதலை. அதே ஜூலையில் புதுச்சேரி ஒப்பந்தம் அலமாரியிலிருந்து இறங்கி, நாடாளுமன்றத்தில் ஒப்புதல் பெற்றது. ஆகஸ்ட் 16, லீவு!

மக்கள் வெறுத்த போரிலிருந்து திரும்பும் சிப்பாய்க்கு எந்த ஊரிலும் மாலை கிடைப்பதில்லை. நமக்கே தெரியும். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து அமைதிப் படை திரும்பியபோது, சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. சுமார் 1,200 வீரர்களை இழந்துவிட்டு வந்த படை அது. தமிழ்நாட்டின் பெரும்பாலானோர் அந்த முடிவைத் தவறென்று சொல்லவில்லை. சிப்பாயின் வீட்டாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தவர்களும் குறைவு. அல்ஜீரியாவில் நடந்தது 'போர்' என்று பிரான்ஸ் சட்டத்தில் ஒப்புக்கொண்டதே 1999-ல்தான். அதுவரை அதற்கு 'நடவடிக்கை' என்று பெயர்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு 1962-ல் இன்னொரு கேள்வி வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசிப்பவர்கள் தானாகவே இந்தியர் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பலருக்கு விஷயமே சரியாகத் தெரியவில்லை. சிலருக்கு, இத்தனை வருஷப் போராட்டத்துக்குப் பிறகு அதை எழுதிக் கொடுப்பது அவமானமாக இருந்தது. அப்பா சைகோனில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்த பிள்ளை எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரர்; ஊர் திரும்பிய பிறகு முதலியார்பேட்டையில் பிறந்த தம்பி எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியர். ஒருவருக்கு பிரான்ஸ் பாஸ்போர்ட், இன்னொருவருக்கு மில் டோக்கன். 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. பிரெஞ்சு அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் புதுச்சேரியில் வாக்குப்பெட்டி வைக்கிறார்கள். அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள்.